கறுப்புச் சோயா, மஞ்சள் சோயா: நிறத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

சோயாவைப் பற்றி எங்கள் சனத்திடம் பேச்சுக் கொடுத்தால் அந்தப் பேச்சு சாப்பாட்டோடு நிற்காது. முகாமுக்குப் போய்விடும். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த பிறகும், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்த பிறகும், 2009இல் வன்னிச் சனம் மெனிக் பாமில் அடைபட்ட பிறகும் கைக்குக் கிடைத்தவை அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி. குழந்தைகளுக்கு சோளமும் சோயாவும் கலந்த மா. கறிக்கு வழியில்லாத நாட்களில் சோயாமீற். பலருக்கு இன்றும் அந்த மணம் தறப்பாள் கொட்டிலைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

அதே சோயா இப்போது வேறு உடுப்பில் வருகிறது. கைத்தொலைபேசியைத் திறந்தால் ‘கறுப்புச் சோயா’, ‘அன்ரிஒக்சிடன்ட் நிறைந்தது’, ‘நீரிழிவுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் இயற்கைத் தீர்வு’ என்று விளம்பரங்கள். களப்பு மீன்பிடி பற்றி எழுதுவதற்காகப் பனிச்சங்கேணிக்குப் போயிருந்தபோது, ஐம்பது வயது கடந்த ஒரு அம்மா தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “மனே, இந்தக் கறுப்புச் சோயாவத் திண்டா சீனி குறையுமாம் எண்டு போட்டிருக்கு. மெய்யா?” என்று கேட்டார். மாதாமாதம் கிளினிக்குப் போய் குளிசை எடுக்கிறவர். விளம்பரத்தில் இருந்த மாப் பொதியின் விலை, அவர் வீட்டின் ஒரு கிழமைக் கறிச் செலவுக்குக் கிட்ட வந்தது.

கேள்வி நியாயமானது. பதிலும் ஒரு சொல்லில் முடிவதில்லை. சோயாவின் நிறத்தில் உண்மையான விடயம் ஒன்று இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்வது அதுவல்ல.

ஒட்சியேற்ற எதிரி என்றால் என்ன?

வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறது. போத்தலில் கனநாள் கிடந்த எண்ணெய் காறல் மணம் அடிக்கிறது. உப்புக் காற்றில் சைக்கிள் துருப்பிடிக்கிறது. மூன்றிலும் நடப்பது ஒட்சிசனோடு நிகழும் தாக்கம்தான். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் அதை ஒட்சியேற்றம் என்று படித்திருப்போம்.

எங்கள் உடலிலும் இது ஒவ்வொரு கணமும் நடக்கிறது. உண்ட உணவைக் கலங்கள் எரித்துச் சக்தியாக்கும்போது சுயாதீன மூலிகங்கள் எனப்படும் நிலையற்ற துணிக்கைகள் உருவாகின்றன. அவை அளவுக்கு மிஞ்சினால் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளான டீஎன்ஏயையும் சேதப்படுத்தும். நீரிழிவு, இருதய நோய், முதுமை ஆகியவற்றோடு இந்தச் சேதத்துக்குத் தொடர்பு உண்டு. அவற்றை அடக்கும் நொதியங்களை உடல் தானே வைத்திருக்கிறது. உணவில் இருந்து வரும் விற்றமின் சி, விற்றமின் ஈ, தாவர நிறப்பொருட்கள் போன்றவையும் பரிசோதனைக் குழாயில் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றைத்தான் ஒட்சியேற்ற எதிரிகள் என்கிறோம். விளம்பரத்தில் வரும் அன்ரிஒக்சிடன்ட் இதுதான்.

தாவரம் இவற்றை எங்களுக்காக உண்டாக்குவதில்லை. வித்து மண்ணுக்குள் பூஞ்சையாலும் பூச்சியாலும் ஈரத்தாலும் அழியாமல் இருக்க, தன் தோலுக்குள் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. அந்தத் தோலைத்தான் வித்துறை என்கிறோம். சோயாவின் நிறம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் என்ன?

காட்டுச் சோயா கறுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்காசிய விவசாயிகள் வெளிறிய விதைகளைத் தெரிந்து தெரிந்து விதைத்ததால் மஞ்சள் சோயா பெருகியது. மஞ்சள் விதையில் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் மரபணு இல்லாமல் போகவில்லை. வித்துறையில் மட்டும் அது அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. செடிக்குச் சில வைரசு நோய்கள் வந்தால் இந்த அடக்கம் தளர்ந்து, மஞ்சள் விதையில் கபிலமாகவோ கறுப்பாகவோ திட்டுத் திட்டாக நிறம் வெளிப்படும்.

கறுப்புச் சோயாவின் நிறம் அந்தோசயனின் எனப்படும் நிறப்பொருளால் வருவது. நாவல் பழத்தைத் தின்ற நாக்கில் ஒட்டும் ஊதாவும் இதே குடும்பம்தான். கறுப்புச் சோயாவை ஊறவைத்த தண்ணீர் ஊதாவாக மாறும். அதில் தேசிக்காய் பிழிந்தால் சிவக்கும், அப்பச்சோடா போட்டால் நீலம் பச்சை என்று திரியும். சாயம் பூசிய விதையா என்று சந்தேகித்தால் வீட்டிலேயே இப்படிப் பார்க்கலாம்.

கபில, செந்நிறச் சோயாவில் முக்கியமானது புரோஅந்தோசயனிடின். தனின் என்று நாம் அறிந்த துவர்ப்புப் பொருட்களில் ஒரு வகை இது. கறுப்புச் சோயாவின் தோலிலும் இது உண்டு.

பச்சைச் சோயாவில் இருப்பது இலைகளில் உள்ள அதே பச்சையம். அதனோடு கண்ணுக்கு நல்லதென்று சொல்லப்படும் லூட்டினும் உண்டு. கறுப்புத் தோலுக்குள் பச்சைப் பருப்பு உள்ள இனங்களையும் கொரியாவில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

மஞ்சள் சோயாவின் தோலில் நிறப்பொருள் குறைவு. அதனால் அது வெறும் விதை என்று ஆகிவிடாது. சோயாவுக்கே சிறப்பான ஐசோபிளேவோன்கள் தோலில் இருப்பவை அல்ல. அவை உள்ளே வித்திலையிலும் முளையத்திலும் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டெயிட்சீன், கிளைசிட்டீன் என மூன்று வகை. அவற்றின் அளவைத் தீர்மானிப்பது இனமும், விளைந்த இடத்தின் வெப்பமும் மழையும். கறுப்பு விதையை விட அதிக ஐசோபிளேவோன் உள்ள மஞ்சள் விதை இருக்கலாம், மறுபுறமாகவும் இருக்கலாம். சோயா எண்ணெயில் உள்ள விற்றமின் ஈயும் எல்லா நிறத்திலும் உண்டு.

தோல், விதையின் நிறையில் ஏறக்குறைய 8 வீதம்தான். மீதி 92 வீதம் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத பருப்பு. காய்ந்த சோயாவில் ஏறக்குறைய 36 வீதம் புரதம், 20 வீதம் கொழுப்பு. பருப்பில் புரதம் 24 வீதம் அளவில், அரிசியில் 7 வீதம் அளவில். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோவமிலம் சோயாவில் தாராளம். 50 கிராம் காய்ந்த சோயாவில் 18 கிராம் புரதம், அதாவது மூன்று முட்டை அளவு. இந்தக் கணக்கில் நிறத்துக்கு இடமில்லை.

குழாயில் நடப்பது உடலில் நடக்குமா?

நிறச் சோயா பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை விதைச் சாற்றை ஒரு இரசாயனத்தோடு கலந்து, அது சுயாதீன மூலிகங்களை எவ்வளவு அடக்குகிறது என்று அளப்பவை. இந்த அளவீட்டில் கறுப்பு முன்னுக்கு நிற்கும், கபிலமும் அதற்குக் கிட்ட வரும், மஞ்சள் பின்னுக்குப் போகும். முடிவில் பிழையில்லை. ஆனால் பரிசோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை.

நாம் உண்ணும் அந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் அதே வடிவில் இரத்தத்தில் சேர்கிறது. மீதியைக் குடலில் வாழும் பக்ரீரியாக்கள் உடைத்து வேறு பொருட்களாக்குகின்றன. டெயிட்சீனை ஈக்குவோல் என்ற வீரியமான பொருளாக மாற்றும் பக்ரீரியா எல்லோர் குடலிலும் இல்லை. ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடமும், மேற்கு நாடுகளில் ஏறக்குறைய நாலில் ஒருவரிடமும் அது உண்டு. ஒரே சோயாவைத் தின்ற இரண்டு பேருக்கு ஒரே பலன் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலுவை எண்களாக அடுக்கிய பட்டியல் ஒன்றை அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்டிருந்தது. அந்த எண்களைப் பொதியில் அச்சிட்டு வியாபாரம் செய்யத் தொடங்கினார்கள். குழாய் அளவீடு உடலில் கிடைக்கும் பலனைக் காட்டாது என்ற காரணத்தோடு 2012இல் திணைக்களம் அந்தப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் இருந்து எடுத்துவிட்டது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை பின்லாந்தில் இருந்து வந்தது. 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. புகழ்பெற்ற ஒட்சியேற்ற எதிரியான பீற்றா கரோட்டீனைக் குளிசையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகமாக இருந்தது. அதே பீற்றா கரோட்டீன் கரட்டிலும் பூசணியிலும் இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. உணவில் இருந்து பிரித்துச் செறிவாக்கிக் கொடுத்தபோதுதான் கதை மாறியது. மாத்திரையாகவும் தூளாகவும் வருகிற எந்த ஒட்சியேற்ற எதிரிக்கும் முன்னால் இந்த ஒரு ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் சீனி குறையுமா?

கறுப்புச் சோயாவின் முக்கிய அந்தோசயனின், மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியத்தைத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். எலிகளில் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதரில், கொரியாவிலும் ஜப்பானிலும் சில டசின் பேரை வைத்துச் சில கிழமைகள் நடந்த ஆய்வுகளில் இடுப்புச் சுற்றளவிலும் கொலஸ்ட்ரோலிலும் இரத்தக்குழாயின் நெகிழ்விலும் சிறு முன்னேற்றங்கள் பதிவாகியுள்ளன. நம்பிக்கை தரும் தொடக்கம்தான். குளிசையை நிறுத்திவிட்டு இதில் தங்கியிருக்க இது போதாது.

சோயாப் புரதம் கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைப்பது பற்றி நீண்ட கால ஆய்வுகள் இருக்கின்றன. நாளுக்கு 25 கிராம் அளவில் எடுத்தால் 3 முதல் 4 வீதம் வரை குறைகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் சோயா இருதயத்துக்கு நல்லது என்று பொதியில் எழுத அனுமதித்தது. சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்லி, 2017இல் அந்த அனுமதியை மீளப்பெற முன்மொழிந்தது. பலன் இருக்கிறது, ஆனால் மெல்லியது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். சோறு ஒரு கோப்பை குறைந்து அந்த இடத்துக்கு அவித்த சோயாவோ கௌபியோ பயறோ வந்தால், சாப்பிட்ட பிறகு சீனி ஏறும் வேகம் குறையும். அதற்கு விதை கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. கிளினிக் குளிசையை விடக் கூடாது.

எங்கள் கைக்கு வரும் சோயா எது?

இலங்கையில் விளைவது மஞ்சள் சோயா. ‘பீபீ 1’ என்ற இனம் நீண்ட காலமாகப் பயிரிடப்படுகிறது. அநுராதபுரம், மகாவலி வலயங்கள் முக்கிய விளைநிலங்கள். சோயாவைச் சமையலறைக்குக் கொண்டுவர 1970களில் பெரிய முயற்சி நடந்தது. கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சி நிலையம் உருவானதும் அந்த முயற்சியில்தான். 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டமும் சோளத்தையும் சோயாவையும் அடிப்படையாகக் கொண்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் தாய் சேய் கிளினிக்குகள் ஊடாக அது இலவசமாகக் கிடைக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் விநியோகம் தடைப்பட்டபோதுதான் அந்தப் பொதி எத்தனை வீடுகளைத் தாங்கி நின்றது என்பது பலருக்கு விளங்கியது.

கடைகளில் விற்கும் சோயாமீற் வேறு விதம். சோயாவின் தோலை நீக்கி, எண்ணெயைப் பிழிந்து எடுத்து, மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அமுக்கத்திலும் தள்ளித் துண்டாக்குகிறார்கள். காய்ந்த நிலையில் அதில் பாதியளவு புரதம். தோல் போய்விட்டதால் தோலின் நிறப்பொருளும் இல்லை. அதில் நிறம் தெரிந்தால் அது பிறகு சேர்த்தது. கவனிக்க வேண்டியது உப்பு. சுவையூட்டிய வகைகளிலும் கூட வரும் தூள் பைக்கற்றிலும் உப்பு அதிகம். பிரஷர் உள்ளவர்கள் சுவையூட்டாத வகையை வாங்கி, சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டுத் தூளில் சமைப்பது நல்லது.

சோயா தின்றால் ஆண்மை குறையும் என்ற கதை எங்கள் ஊர்களில் இன்னும் ஓடுகிறது. ஐசோபிளேவோனின் வடிவம் பெண் ஓமோனான ஈஸ்ரோஜினை ஒத்திருப்பதில் இருந்து பிறந்த பயம் அது. ஆண்களை வைத்து நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2021இலும் வெளியிட்ட இரண்டு அலசல்களிலும், சோயாவால் ஆண் ஓமோன் குறைந்ததாகக் காணப்படவில்லை. தந்ததையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய காலத்தைக் கடந்து வந்த சனம் நாங்கள். சந்தேகம் வருவது இயல்பு. இந்த விடயத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

நிறம் தேடி எங்கே போக வேண்டும்?

கறுப்புச் சோயா பாரம்பரிய உணவாக இருக்கும் இடங்கள் உண்டு. ஜப்பானில் புதுவருடத்துக்குக் கறுப்புச் சோயாவை இனிப்பாக அவிப்பார்கள். கறுப்பு நிறம் மங்காமல் இருக்கப் பானைக்குள் இரும்பாணி போடுவது பழைய வழக்கம். இந்தியாவின் உத்தரகண்ட் மலைகளில் ‘பட்’ என்ற பெயரில் அதை இரும்புச் சட்டியில் கறியாக்குகிறார்கள். இரும்போடு சேரும்போது அந்தோசயனின் நிறம் கெட்டியாகிறது. அவர்களுக்கு அது வயலில் விளையும் அன்றாடச் சாப்பாடு. எங்களுக்கு அது தூர நாட்டில் இருந்து வரும் விலை கூடிய தூள்.

அதே நிறப்பொருட்கள் வேறு பெயரில் எங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. சிவப்பரிசியின் தவிட்டில் இருப்பது கபிலச் சோயாவின் தோலில் உள்ள அதே புரோஅந்தோசயனிடின். அரிசியைத் தீட்டத் தீட்ட அது தவிட்டோடு போய்விடும். செங்கௌபியின் தோலும் இதே வரிசை. நாவலும் முந்திரிகையும் அந்தோசயனின். உழுந்தின் கறுப்புத் தோலைக் கழுவிக் கழுவி வெளுப்பாக்குவதை வடைக்கும் தோசைக்கும் வைத்துக்கொண்டு, களிக்கு தோலோடு வறுத்து அரைத்த மா எடுத்தால் நாரும் சேர்ந்து கிடைக்கும்.

பனிச்சங்கேணியின் பெயரிலேயே ஒரு பனிச்சை மரம் நிற்கிறது. நைலோன் வலை வருவதற்கு முன்பு, பனிச்சங்காயின் துவர்ச் சாற்றில் தோய்த்துத்தான் நூல் வலைகளைப் பதப்படுத்தினார்கள். உப்புத் தண்ணீரில் வலை உழுத்துப்போகாமல் காத்தது அந்தக் காயின் தனின். விதையைப் பூஞ்சையில் இருந்து காக்கும் துவர்ப்பும் வலையைக் காத்த துவர்ப்பும் ஒரே வகை வேலையைத்தான் செய்கின்றன. பனிச்சங்காய் சாப்பாட்டுக்கு அல்ல. ஆனால் நிறமுள்ள தோலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

துவர்ப்புக்கு மறுபக்கமும் உண்டு. தனினும், சோயாவில் உள்ள பைற்றிக் அமிலமும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பதும், கறியில் தேசிக்காய்ப் புளி விடுவதும் உதவும்.

சமைக்கும்போது

சோயாவைப் பச்சையாகத் தின்னக்கூடாது. புரதம் செமிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, நசித்தால் மசியும் வரை அவித்தால் அது பெருமளவு அழிந்துவிடும். பிரஷர் குக்கர் இருந்தால் அரை மணித்தியாலம் அளவில் போதும். சாதாரணப் பானையில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் செல்லும். மஞ்சள் சோயா ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டால் வாயுத் தொல்லை குறையும். கறுப்போ கபிலமோ கிடைத்தால் அந்தத் தண்ணீரில்தான் நிறப்பொருள் கரைகிறது என்பதால் அதிலேயே அவிக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். மஞ்சள் விதையில் ஊதாத் திட்டு இருந்தால் அது பூஞ்சை நோயின் தழும்பாக இருக்கலாம். மணம் மாறிய, பூஞ்சணம் பிடித்த விதையின் கறுப்பு மருந்தல்ல, நஞ்சு. அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் சோயாவுக்கும் இடையில் சில மணித்தியாலங்கள் விட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு புரதம் எடுக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். சோயா ஒவ்வாமை சிலருக்கு உண்டு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சோயாப்பால் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கென்று தந்த திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து உண்ணும் நிலை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அது தாயின் பிழையல்ல, வீட்டின் பசி. அந்த நிலையில் பெரியவர்களுக்கு அவித்த சோயாவோ கௌபியோ கறியானால் குழந்தையின் பொதி குழந்தைக்கே மிஞ்சும்.

நிறச் சோயா பற்றிய ஆராய்ச்சி வளரட்டும். எங்கள் காலநிலைக்கு ஏற்ற கறுப்பு இனம் ஒன்று வயலுக்கு வந்து, மஞ்சள் சோயாவின் விலையிலேயே சந்தையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அதுவரை ஒரு கிழமைக் கறிக் காசை ஒரு பொதித் தூளுக்குக் கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசுக்குச் சாதாரண மஞ்சள் சோயா, செங்கௌபி, தீட்டாத சிவப்பரிசி, ஒரு பிடி கீரை எல்லாம் வாங்கலாம். புரதமும் கிடைக்கும், நிறமும் கிடைக்கும்.